பைப்பு எந்தப் பக்கம் போகுது?

டர்போ காருக்கு வீட்டுலயே இன்டர்கூலர் மாட்டுறவங்ககிட்ட பேச்சுக் குடுத்துப் பாருங்க. இன்டர்கூலரைப் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்வாங்க. பைப்பை எந்தப் பக்கமா கொண்டு போனாங்கங்கிறதை ரெண்டு மணி நேரம் சொல்வாங்க. பேட்டரியைத் தூக்கி டிக்கியில வெச்சது, பம்பருக்குப் பின்னாடி தகடு வெட்டினதுன்னு அது ஒரு தனி ராமாயணம். ஆனா இந்தத் தலைவலி காருக்கு முன்னாடியே விமானத்துக்கு வந்துடுச்சு.

காத்தை அமுக்கினா சூடாகும், சைக்கிள் பம்ப்பைத் தொட்டவங்களுக்குத் தெரியும். 30 டிகிரி காத்தோட அழுத்தத்தை டர்போ ரெண்டு மடங்காக்கினா, வெளிய வர்றப்ப அது 100 டிகிரியைத் தாண்டிடும். சூடான காத்து மெலிசு. பெட்ரோல் எஞ்சின்னா நாக்கிங் வேற. அதனால நடுவுல ஆற வைக்கணும். டர்போ ஒரு இடம், ஆற வைக்கிற பெட்டி ஒரு இடம், எஞ்சினோட வாய் இன்னொரு இடம். மூணையும் சேர்க்கிற பைப்புல ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும்.

1939 ஜனவரியில முதல்ல பறந்த லாக்ஹீட் பி-38 லைட்னிங்ல இதுக்கு ஒரு அழகான வழி பிடிச்சாங்க. தனியா பெட்டியே வேணாம், இறக்கையோட முன் விளிம்பு சும்மாதானே இருக்கு? டர்போ அமுக்கின காத்தை அதுக்குள்ள விட்டு, இறக்கை நுனி வரைக்கும் அனுப்பித் திருப்பிக் கொண்டு வந்தாங்க. வெளிய ஓடுற குளிர்காத்து தகட்டைத் தொட்டே ஆற வெச்சிடும். புத்திசாலித்தனம்தான், இல்லேங்கல. ஆனா எஞ்சினோட சக்தியை வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போனாங்க, இறக்கை மட்டும் அதே அளவுல நின்னுச்சு. எஞ்சின் குடுக்கத் தயாரா இருந்தும், உயரத்துல முழு சக்தியைக் கேட்க முடியல. காத்து ஆறலைன்னா உள்ள வெடிச்சுடும். பின்னாடி எதிரி விமானம் துரத்துறப்ப இது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 1943ல வந்த ஜே மாடல்லதான் எஞ்சினுக்குக் கீழ, தாடை மாதிரி தொங்குற இடத்துல ஒழுங்கான இன்டர்கூலர் வெச்சாங்க. காலியான முன் விளிம்புல பக்கத்துக்கு 55 கேலன் பெட்ரோல் டாங்க் வந்துச்சு. ஒரு பைப்பை மாத்தினதுல விமானம் இன்னும் தூரம் போச்சு!

அதே சமயம் நியூயார்க் பக்கம் ரிபப்ளிக் கம்பெனியில அலெக்ஸாண்டர் கார்ட்வெலி, ஜார்ஜியாவுல திபிலிசியில பிறந்தவர், நேரெதிரா யோசிச்சார். அவர்கிட்ட இருந்தது 2,000 குதிரைசக்தி, 18 சிலிண்டர் எஞ்சின். மூக்கு ஏற்கெனவே பாரம். அதனால டர்போவை பைலட்டுக்குப் பின்னாடி, வால் பக்கமா தள்ளிட்டார். அப்புறம் பைப்பை முதல்ல வரைஞ்சு, அதைச் சுத்தித்தான் விமானத்தையே வரைஞ்சாராம். புகை பின்னாடி போகணும், வெளிக்காத்து எஞ்சினுக்குக் கீழ நுழைஞ்சு பின்னாடி போகணும், அமுக்கி ஆற வெச்ச காத்து காக்பிட்டோட ரெண்டு பக்கமும் திரும்ப முன்னாடி வரணும். நம்ம கார்க்காரங்க பம்பர் வரைக்கும் போய் வர்றதுக்கே அழறாங்க :-)

அதான் பி-47 தண்டர்போல்ட், 1941 மே மாசம் பறந்தது. வயிறு உப்பி, கிளம்பறப்ப சுமார் 6 டன் எடை. பைலட்டுகள் வெச்ச பட்டப்பேர் ‘ஜக்’. உருவத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா மத்த எஞ்சின்கள் மூச்சு வாங்குற 30,000 அடியில இது தெம்பா ஓடுச்சு. 15,000க்கு மேல செஞ்சாங்க. என்னைக் கேட்டா லைட்னிங்தான் அழகு, ஆனா பைப்பு விஷயத்துல கார்ட்வெலி பக்கம்தான் நான்.

கார்கள் ரொம்ப நாள் இந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பார்த்துச்சு. 1962ல வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்ல இன்டர்கூலரே கிடையாது. அதுக்குப் பதிலா தண்ணியும் மெத்தனாலும் கலந்து எஞ்சினுக்குள்ள தெளிச்சாங்க. வண்டிக்காரங்க அந்த டாங்கை நிரப்ப மறந்துட்டாங்க, ரெண்டே வருஷத்துல கதை முடிஞ்சுது. 1973ல வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ, நாக்கிங்குக்குப் பயந்து கம்ப்ரஷனை 6.9க்கு இறக்கிடுச்சு. 1978 மாடல் போர்ஷே 911 டர்போவுலதான் இன்டர்கூலர் வந்து உக்காந்துச்சு, பின்னாடி எஞ்சினுக்கு மேலயே, அந்தத் தட்டு மாதிரி ஸ்பாய்லருக்குக் கீழ. பைப்பு குட்டியூண்டு. அந்த ஸ்பாய்லர் வெறும் ஷோவுக்குன்னு நினைச்சவங்க கவனிக்க!

வீட்டுல மாட்டுறவருக்கு கார்ட்வெலிக்குக் கிடைச்ச சுதந்திரம் இல்லை. வண்டி ஏற்கெனவே கட்டி முடிச்சாச்சு, இருக்கிற சந்துல நுழைக்கணும். அலுமினியப் பைப்பை வெட்டி வெல்டு பண்ணி, வளைவுல சிலிக்கான் ஹோஸ் போட்டு க்ளாம்ப் அடிக்கிறாங்க. எஞ்சின் குலுங்குறப்ப பைப்பும் கூட ஆடணும், அதுக்கும் ஹோஸ்தான் வழி. பைப்பு முனையில சுத்தி ஒரு மேடு எழுப்பலைன்னா, முழு பூஸ்ட்ல ஹோஸ் டப்புனு கழண்டுடும். காத்தை அளந்து பெட்ரோல் ஊத்துற வண்டின்னா உடனே கரும்புகை கக்கும். ஹோஸ் வழுக்காம இருக்க உள்ள ஹேர் ஸ்ப்ரே அடிச்சு மாட்டுறவங்களும் உண்டு. சிரிக்காதீங்க, நல்லாவே பிடிக்குமாம்.