மாறாத படர்தாமரை: எதிர்ப்புச் சக்தி இல்லை என்றுதான் அர்த்தமா?

"என்ர உடம்பில எதிர்ப்புச் சக்தி செத்துப் போச்சு பிள்ளை. அதுதான் இது மாறுதில்லை" என்றார் என் பெரியம்மா. 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர் அவர். செயற்கைக் கால் பொருந்தும் இடத்தில் தொடங்கிய படர்தாமரை, எட்டு மாதத்தில் இடுப்பு வரை ஏறியிருந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிறீமைப் பூசினால் நாலு நாளில் சிவப்பும் கடியும் அடங்கும். விட்டதும் முன்பைவிட அகலமாக வரும்.

முகாம் வாழ்க்கையும் பட்டினியும் கண்ட பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். அது பாதிதான் சரி.

தோலில் நடப்பது என்ன?

படர்தாமரையை உண்டாக்கும் பங்கசுகள், தோலின் மேற்படையில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தை உண்டு வாழ்பவை. அந்தப் படை இறந்த கலங்களால் ஆனது. அங்கே இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரிகளால் பெரிய பயனில்லை. கீழே உள்ள தோற்கலங்கள் பங்கசை அடையாளம் கண்டு சமிக்ஞை அனுப்ப, ரீ கலங்கள் என்ற வெண்குழியங்கள் திரண்டு அழற்சியை உண்டாக்குகின்றன. தோல் வேகமாகப் புதுப்பிக்கப்பட்டு, பங்கசு குடியிருந்த படை உதிர்கிறது. விளிம்பு சிவந்து நடு தெளிந்த அந்த வளையம், எதிர்ப்புச் சக்தி வேலை செய்வதன் அடையாளம்.

சில பங்கசுகள் தந்திரமானவை. அதிகம் காணப்படும் திரைக்கோபைற்றன் றூப்றம், தன் கலச்சுவரில் உள்ள மனன் என்ற பொருளால் ரீ கலங்களின் பெருக்கத்தை மந்தமாக்குகிறது. அதனால்தான் நல்ல சுகதேகிகளுக்கும் இது வருடக்கணக்கில் நீடிக்கலாம்.

கிறீம் செய்த வேலை

பெரியம்மா பூசியதில் ஸ்டீரொயிட் கலந்திருந்தது. ஸ்டீரொயிட் அழற்சியை அடக்கும், பங்கசைக் கொல்லாது. சிவப்பு மறைந்தது நோய் மாறியதால் அல்ல, அவ்விடத்துக் காவல் ஓய்ந்ததால்.

கிளினிக்கில் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பங்கசு என்று உறுதி செய்தார்கள். இரத்தத்தில் சீனியும் பார்த்தார்கள்; கூடுதலாக இருந்தது. அவர் சொன்னதில் சரியான பாதி இதுதான். நீரிழிவு எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தும். எச்.ஐ.வி., நீண்டகால ஸ்டீரொயிட் குளிசைகள், உறுப்பு மாற்றத்துக்குப் பின்னான மருந்துகள் ஆகியவையும் அப்படியே.

கவனிக்க வேண்டியவை

- பெயர் தெரியாத கிறீமைப் பூச வேண்டாம். ஸ்டீரொயிட் உண்டா என்று கேளுங்கள்.
- திரும்பத் திரும்ப வந்தால் சீனியைப் பரிசோதியுங்கள்.
- செயற்கைக் கால் அணிபவர்கள் தினமும் காலையும் அதன் கிண்ணத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் போக உலர்த்துங்கள். காலுறையைத் தினமும் மாற்றுங்கள்.
- வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் ஒன்றாக மருந்தெடுங்கள். துவாயைப் பகிர வேண்டாம்.
- கடி நின்றதும் மருந்தை நிறுத்த வேண்டாம். தெற்காசியாவில் பரவி, 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட திரைக்கோபைற்றன் இந்தோதினியே, வழமையான ரேபினாபின் மருந்துக்குப் பல வேளைகளில் மசிவதில்லை. மாறாவிட்டால் மீண்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெரியம்மா இப்போது பங்கசு மருந்தும் சீனிக்குக் குளிசையும் எடுக்கிறார். இடுப்பில் இருந்த வளையங்கள் மங்கிவிட்டன. எட்டு மாதம் இதை அவர் யாருக்கும் காட்டாமல் மறைத்தது வெட்கத்தால். அந்த வெட்கம் யாருக்கும் தேவையில்லை.