ஏரி வாரியமும் மித்தி ஆறும்

தாராவியின் வடபுறத்தே ஓடும் மித்தி ஆற்றை மும்பைத் தமிழர் பலர் கழிவுநீர்க் கால்வாய் என்றே எண்ணியிருப்பர். அதன் இன்றைய நிலை அத்தகையது. ஆயினும் இந்நகரத்தின் குழாய்நீர் வரலாறு அவ்வாற்றின் தலைப்பகுதியிலேதான் தொடங்கிற்று.

முற்காலப் பம்பாயில் மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். பிகாஜி பெஹ்ராம் என்னும் பார்சி வணிகர் 1725-ஆம் ஆண்டில் வெட்டுவித்த கிணறு சர்ச்கேட் அருகே இன்றும் உள்ளது. நகரம் பெருகியபோது கிணறுகள் போதவில்லை. ஆகவே 1856-இல் மித்தியின் மேற்பகுதியை மறித்து விஹார் ஏரியை அமைக்கும் பணி தொடங்கியது. 1860-இல் அதன் நீர் குழாய்வழி நகரத்தை அடைந்தது. பின்னர் துளசியும், அதன்பின் தொலைவிலுள்ள தான்சா, வைதர்ணா, பாட்சா நீர்த்தேக்கங்களும் சேர்ந்தன. இன்று மாநகருக்கு நீர் தருவன ஏழு ஏரிகள்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒன்று குறைந்தது. கிணற்றுநீர் அருந்தியவன் அக்கிணற்றைத் தன் கண்ணால் கண்டான். அது மாசுபட்டால் உடனே அறிந்தான். குழாய்நீர் அருந்துபவன் ஏரியைக் காண்பதில்லை. விஹார் ஏரி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டுக்குள் காவலோடு விளங்குகிறது. அதன் மிகுநீரும் போவாய் ஏரியின் மிகுநீரும் கூடிச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தை அடைவதற்குள், தொழிற்கூடக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் அதில் கலந்துவிடுகின்றன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, இடம் குறுகிப்போன அவ்வாறு கரைகடந்து குடியிருப்புகளுள் புகுந்தது.

நீரை அருந்துவோரே அதனைக் காக்கும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. அவ்வூர்ச் சபையார் குடவோலையால் ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தேர்ந்தனர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்தலுக்கு உரியவர் அல்லர் எனவும் விதித்தனர். ஆயினும் நிலமும் வேதக்கல்வியும் உடையோர் பெயர்களே குடத்துள் இடப்பட்டன. நிலமற்றோருக்கு அங்கே இடமில்லை.

அக்குறை நம் காலத்திலும் வேறு வடிவில் தோன்றிற்று. மும்பையில் 2000-ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குழாய் இணைப்பு மறுக்கப்பட்டது. பானி ஹக் சமிதி என்னும் மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. உயிர் வாழும் உரிமையுள் குடிநீரும் அடங்கும் என 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீரில் பங்கு பெறாதாரிடம் காவலை எதிர்பார்ப்பது நியாயமன்று; பங்கு பெற்றவர் காவலை மறப்பதும் நியாயமன்று. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்குமாடிகளில் வாழும் நாமும், தாராவியின் சந்துகளில் குடத்தோடு காத்திருக்கும் நம்மவரும் இந்த ஏரிகளையே நம்பியிருக்கிறோம். ஆகவே உத்திரமேரூரார் கேட்ட கணக்கை நாமும் கேட்போமாக: ஆற்றில் கலப்பது யாருடைய கழிவு? அதைத் தடுக்கச் செலவிட்ட பணம் எவ்வளவு? எத்தனை வீடுகளுக்கு இன்னும் நீர் எட்டவில்லை? கேட்கும் உரிமையோடு, நம் வீட்டுக் குப்பை அவ்வாற்றை அடையாமல் காக்கும் கடமையும் நமக்கு உண்டு.