மில் வாசலில் பிறந்த கட்சி

தெஹிவளைப் பாலத்தைத் தாண்டிக் காலி வீதியால் வெள்ளவத்தைக்குப் போகிறவர் கண்ணில் இன்று படுவது புடவைக் கடையும் நகைக் கடையும்தான். உள்ளே ஹவ்லொக் வீதிப் பக்கம் திரும்பினால் ஹவ்லொக் சிட்டி மாடிவீடுகள் நிற்கின்றன. வெள்ளவத்தை நூற்பு நெசவு மில் இருந்த நிலம் அது. லங்கா சமசமாஜக் கட்சி பிறந்த நாள் 1935 டிசம்பர் 18 என்பார்கள். என்னைக் கேட்டால், அது கருக்கொண்டது 1933 பெப்ரவரியில், இந்த மில் வாசலில்.

உலகப் பொருளாதார மந்தம் கூலிக்காரர் வயிற்றில் அடித்த காலம். மில்லில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் இந்தியர், பெரும்பாலும் மலையாளிகள், மிகுதி சிங்களவர். கொழும்புத் தொழிலாளரின் தலைவர் அன்று ஏ.ஈ. குணசிங்க. 1929 டிராம் வேலைநிறுத்தத்தை நடத்திய அதே மனிதர்தான் இப்போது இந்த ஸ்ட்ரைக்குக்கு எதிராக நின்றார். வேலையில்லாத சிங்களவரிடம் அவர் விரல் நீட்டிக் காட்டிய எதிரி, மலையாளி. மில் தொழிலாளர் அவரை விட்டு விலகி, இடதுசாரி இளைஞர்களின் அமைப்பான இளைஞர் லீக்கைத் தேடிப் போனார்கள். லண்டனில் படித்துத் திரும்பியிருந்த கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுடைய புதிய சங்கத்துக்குத் தலைவரானார்.

இலங்கை இடதுசாரிகளின் முதல் உடைவு கட்சி பிறக்கும் முன்பே நடந்துவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான். பக்கத்துத் தறியில் நிற்பவன் தோழனா, அந்நியனா என்பதே அங்கே கேள்வி. பின்னால் வந்த ஒவ்வொரு உடைவையும் நான் இந்தக் கேள்வியை வைத்தே அளக்கிறேன்.

கொல்வின், பிலிப் குணவர்த்தன, என்.எம். பெரேரா, லெஸ்லி குணவர்த்தன, டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க முதலானோர் 1935இல் கட்சியை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே பிலிப்பும் என்.எம்.மும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். கட்சிக்குள் ட்ரொட்ஸ்கியைப் படித்தவர்கள் சிலர், மொஸ்கோவை நம்பியவர்கள் சிலர். ஹிட்லரை எதிர்க்கப் பிரிட்டனோடும் பிரான்ஸோடும் கைகோக்கலாம் என்று ஸ்டாலின் சொன்னபோது, பிரிட்டனின் காலடியில் கிடந்த தீவுக்கு அது எப்படிக் கசந்திருக்கும்! 1939 ஓகஸ்டில் ஸ்டாலினே ஹிட்லருடன் உடன்படிக்கை செய்தார். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட்டுகள் முதலில் போரை ஆதரித்து, பிறகு அதே வாயால் எதிர்த்தார்கள். டிசம்பரில் சமசமாஜ நிர்வாகக் குழு 29க்கு 5 என்ற வாக்கில், மொஸ்கோ தலைமையிலான மூன்றாம் அகிலத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று தீர்மானித்தது. எதிர்த்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் விக்கிரமசிங்கவும் வைத்தியலிங்கமும் 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி பிறக்கக் காரணமானவர்களில் இருந்தார்கள்.

இதை ஏட்டுச் சண்டை என்று தள்ளுகிறவர்கள் தேதியைப் பார்க்கட்டும். தீர்மானம் நிறைவேறி ஒரு மாதம் ஆவதற்குள், 1940 ஜனவரி 10 அன்று, மலையகத்தின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்தப் போராட்டத்தில் சமசமாஜிகள் நின்றார்கள். வெள்ளவத்தை மில்லில் மலையாளியோடு நின்ற கட்சி, இப்போது தமிழ்க் கூலியோடு மலையேறியிருந்தது. அந்த ஜூனில் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1942 ஏப்ரலில் காவலரையே கூட்டிக்கொண்டு கண்டிச் சிறையிலிருந்து தப்பி, பிறகு இந்தியாவுக்குக் கடல் கடந்தார்கள்.

அங்கேயும் ஒரு மில் காத்திருந்தது. சென்னை பெரம்பூரின் பின்னி மில்லில் 1947இல் நூறு நாள் அளவுக்கு நீண்ட வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்றவர், யாழ்ப்பாணத்தார் எஸ்.சி.சி. அந்தோனிப்பிள்ளை. பிலிப்பின் தங்கை கரோலினின் கணவர்.

இந்தக் காலத்து உடைவு, கட்சியை எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றியது. கதவைத் திறந்துவைத்து மக்கள் கட்சியாக வளர்ப்பதா, தேர்ந்தெடுத்த ஊழியரைக் கொண்டு இறுகக் கட்டுவதா? பிலிப்பும் என்.எம்.மும் ஒரு புறம், கொல்வினும் லெஸ்லியும் மறு புறம். 1947 தேர்தலில் முதல் அணி 10 இடம் பிடித்தது, மற்றது 5. எங்கள் வெள்ளவத்தை - கல்கிசைத் தொகுதி அனுப்பியது கொல்வினை. 1950இல் இரு அணிகளும் சேர, பிலிப் மட்டும் தனிவழி போனார்.

1964 ஜூன் மாநாடுதான் எனக்கு வலிக்கிறது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேரலாம் என்ற என்.எம். தீர்மானத்துக்கு 501 வாக்கு. கொல்வினும் லெஸ்லியும் வைத்த நடுவழிக்கு 75. கூடவே கூடாது என்றவர்கள் 159. எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு, வி. காராளசிங்கம் முதலானோர். அவர்கள் வெளியேறிப் புரட்சிகர சமசமாஜக் கட்சி என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் தாய்க் கட்சியை விலக்கியது. உலகில் ட்ரொட்ஸ்கியவாதிகளுக்கு இருந்த மிகப் பெரிய மக்கள் கட்சிகளில் ஒன்று அது.

என்.எம். நிதியமைச்சரானார். நான்கு மாதங்கள் கழித்து, ஒக்டோபர் 30 அன்று, இந்தியாவுடன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது: இந்திய வம்சாவளி மலையகத்தாரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பேசப்படும். கோவிந்தனின் ஆட்களைத் தலை எண்ணிப் பங்கிட்ட அந்த அரசில் சமசமாஜிகள் அமர்ந்திருந்தார்கள். குணசிங்க 1933இல் கேட்ட கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலாகவே நான் அதை வாசிக்கிறேன்.

டிசம்பர் 3 அன்று பாராளுமன்றத்தில் அரசின் கதியைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பு வந்தது. வெளியேறிய அணியின் சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் அரசுக்கு எதிராகக் கை தூக்கினார்கள். 74க்கு 73. ஒரு வாக்கில் அரசு விழுந்தது. ஒப்பந்தம் விழவில்லை, அடுத்து வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசு 1967இல் அதைச் செயற்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது.