மேலறை இடைச்சுவர்த் துளை

இதயத்தின் இரு மேலறைகளைப் பிரிக்கும் சுவரில் பிறவியிலேயே அமையும் துளை. இதன் வழியே ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தின் ஒரு பகுதி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் பாய்ந்து, மீண்டும் நுரையீரலுக்கே செல்கிறது. துளை பெரிதானால் நாளடைவில் இதயத்தின் வலப்பகுதி விரிவடையும். பலருக்கு இளமையில் அறிகுறி எதுவும் தெரியாது. இரண்டாம் இதய ஒலி, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் மாறாத இடைவெளியுடன் இரண்டாகப் பிரிந்து கேட்பது மருத்துவருக்கு முக்கியத் தடயம். எக்கோ பரிசோதனை நோயை உறுதிசெய்யும்.

வகைகள்:

1. செக்கண்டம்: சுவரின் நடுவே, நீள்வட்டக் குழிப் பகுதியில் அமைவது. மிகப் பரவலானது.

2. பிரைமம்: சுவரின் அடிப்பகுதியில், வால்வுகளை ஒட்டி அமைவது. மைட்ரல் வால்வில் பிளவும் சேர்ந்திருப்பது வழக்கம். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படும்.

3. சைனஸ் வினோசஸ்: பெரும்பாலும் மேற்பெருஞ்சிரை மேலறையில் சேரும் இடத்தில் அமைவது. வலது நுரையீரல் சிரை இடம் மாறி இணைந்திருக்கலாம்.

4. கரோனரி சைனஸ்: மிக அரியது. இதயத்தின் சொந்தச் சிரைக்கும் இடது மேலறைக்கும் இடையிலுள்ள சுவர் குறைபட்டிருக்கும்.

சிறிய செக்கண்டம் துளைகள் தானே மூடக்கூடும். பெரியவற்றில் பலவற்றைத் தொடைச் சிரை வழியே குழாய் செலுத்தி, அடைப்புக் கருவி பொருத்தி மூடலாம். மற்ற வகைகளுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே வழி. 1953இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்த அறுவை சிகிச்சை இத்துளையை மூடியதே.