ஓடி வந்தவர்களின் பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவரைப் பார்த்து, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். முதல் பதில் சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் என்று பஸ் போகிற ஊராக இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து சற்றுப் பேச்சை வளர்த்தால் இரண்டாவது பதில் வரும். "எங்கள் முன்னோர் துங்கபத்திரைக்கு வடக்கே இருந்தவர்கள்" என்பார் ஒருவர். "நாங்கள் மதுரையிலிருந்து மலையேறியவர்கள்" என்பார் வேறொருவர். நாவல் எழுதிப் பிழைப்பவனுக்கு இதைக் கேட்டால் பொறாமைதான் உண்டாகும். நாங்கள் மூளையைக் கசக்கி ஒரு கதையை உண்டாக்க வேண்டியிருக்கிறது. இங்கேயோ ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கதை பரம்பரைச் சொத்தாக இருக்கிறது!

இந்தப் பூமியின் அமைப்பும் அதற்கு ஏற்றதுதான். மேற்கே ஏலமலை, கிழக்கே வருஷநாட்டு மலை, தெற்கே போனால் குமுளிக் கணவாய். வடகிழக்குப் பக்கம் மட்டுமே வாசல் மாதிரி திறந்திருக்கிறது. 1895-ல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இங்கே இறங்கிய பிறகு பச்சை வயலைத் தேடி வந்தவர்கள் அநேகம் பேர். ஆனால் நான் சொல்ல வருவது அதற்கும் முந்நூறு நானூறு வருஷங்களுக்கு முன்னால் வந்தவர்களைப் பற்றி. அவர்கள் வயலைத் தேடி வரவில்லை. உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி வந்ததாகத்தான் அவர்கள் கதைகள் சொல்லுகின்றன.

முதலில் கம்பளத்து நாயக்கர்களின் கதையைக் கேளுங்கள். 1906-ல் வெளியான மதுரை ஜில்லா கெஜட்டியரில் டபிள்யூ. பிரான்ஸிஸ் என்ற துரை இதைப் பதிவு செய்திருக்கிறார். துங்கபத்திரைக்கு வடக்கே வாழ்ந்தபோது அங்கிருந்த முஸ்லிம் ஆட்சியாளர்கள் இவர்களுடைய பெண்களைக் கேட்டார்களாம். கொடுக்க மனமில்லை. ஓர் இரவில் குலமே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே கிளம்பிற்று. பின்னால் குதிரைப்படை; முன்னால் கரைபுரளும் ஆறு. இனி மடிவதுதான் வழி என்று நின்ற சமயம், இரு கரையிலும் இருந்த புங்கமரங்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுப் பாலமாயின. ஜனங்கள் கடந்து முடித்ததும் மரங்கள் பழையபடி நிமிர்ந்துகொண்டன. துரத்தியவர்கள் அக்கரையிலேயே நின்றார்கள். அந்த நன்றிக்காகவே இவர்கள் கல்யாணப் பந்தலுக்குப் புங்கமரத்தை நாடுகிறார்கள். கன்னடம் பேசும் காப்பிலியர்களும் அநுப்பர்களும் இதை ஒத்த கதையையே சொல்லுகிறார்கள்.

"மரம் வளையுமா?" என்று கேட்கும் வாசகருக்கு என்னிடம் பதில் இல்லை. யூதர்களுக்காகக் கடல் விலகிய கதையையும் உலகம் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. துரத்திய அரசன் எந்த மதத்தான் என்பதைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கு யாரும் யாரோடும் சண்டைக்குப் போகவும் வேண்டியதில்லை. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் புறப்பட்ட கதையில், பெண்களுக்கு இடையூறு செய்யும் அதே வேலையைச் செய்கிறவன் சோழ அரசன்! கதைக்குக் கதை அரசன் மாறுகிறான். பெண்ணின் மானத்துக்காக ஊரையே துறந்தோம் என்ற சொல் மட்டும் மாறுவதில்லை.

காப்பிலியர்களோ வந்த கதையை மாட்டுத் தொழுவத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் 'தம்பிரான் மாடு' என்று தெய்வத்துக்கு விட்ட மந்தை ஒன்று உண்டு. மாட்டுப் பொங்கலன்று சுற்று வட்டாரமே அங்கே திரளும். மந்தைக்குத் தலைமை பட்டத்துக் காளை. அது இறந்துவிட்டால் அடுத்த காளையைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பழைய நூல்கள் விவரிக்கின்றன. மந்தையின் முன்னால் கரும்பை வைப்பார்களாம். முதலில் வந்து வாய் வைக்கும் காளைக்குப் பட்டம். ஓட்டுச் சீட்டு இல்லாத இந்தத் தேர்தலில் வழக்கு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை! ஊரை விட்டு ஓடுகிறவன் வயலைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. மாட்டை ஓட்டிக்கொண்டு வரலாம். கன்னட நாட்டிலிருந்து கூட நடந்து வந்த செல்வத்துக்கு அவர்கள் இன்றும் மரியாதை செய்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கம்பளத்தார் இந்தச் சீமைக்கு அகதிகளாக மட்டும் வரவில்லை. விஜயநகரப் படைகளோடு வந்தார்கள் என்று அதே கதையின் பிற்பகுதி சொல்லுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் பாளையங்கள் வகுக்கப்பட்டபோது அவர்களில் பலர் பாளையக்காரர்களானார்கள். போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் எல்லாம் அந்த வழியில் வந்த ஜமீன்கள். ஆண்டவர்கள் அவர்கள். ஆனாலும் ஆண்ட கதையைவிட ஓடி வந்த கதையைத்தான் ஆசையோடு சொல்லுகிறார்கள்.

இப்போது போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையேறுவோம். மூணாற்றைச் சுற்றிய மலைகளில் வாழும் முதுவர்கள், தங்கள் முன்னோர் மதுரையில் இருந்தவர்கள் என்கிறார்கள். பாண்டியன் காலத்துப் போரிலே ஊரை விட்டு வந்தார்களாம். குழந்தைகளை முதுகில் சுமந்து ஏறியதால் முதுவர் என்று பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். மீனாட்சியம்மனின் விக்கிரகத்தையே முதுகில் சுமந்து வந்தோம் என்பது மற்றொன்று. எரிகிற டிராய் நகரத்திலிருந்து கிழத் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினான் ஈனியாஸ்; அவன் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று ரோமாபுரியார் பெருமை பேசினார்கள். ரோமர்கள் அதைக் காவியமாக்கிக்கொண்டார்கள். முதுவப் பெண்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிச் சுமக்கும் வழக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முதுவர்களை மலைமேல் விரட்டிய அந்தக் கலவரம் எது? 1909-ல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலில் ஓர் ஊகம் காணப்படுகிறது. தெலுங்கு நாயக்கர்கள் போடிநாயக்கனூரைக் கைப்பற்றிய காலத்தை ஒட்டி இது நடந்திருக்கலாம் என்பதே அது. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று யோசித்தேன். புங்கமரப் பாலத்தின் மேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள், அடுத்த கதையிலே துரத்துகிறவர்களாக நிற்கிறார்கள்! ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு குலமும் தான் துரத்தப்பட்ட கதையை மட்டுமே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறது. தான் துரத்திய கதையைத் தெரிந்துகொள்ள, பக்கத்து மலைக்காரரைத்தான் கேட்க வேண்டும். சரித்திர ஆசிரியனுக்கு நாலு வீட்டுத் திண்ணை வேண்டும் என்பது இதனால்தான்.

அப்படியானால் எல்லோருக்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள் யார்? சிலப்பதிகாரம் ஒரு குறிப்புத் தருகிறது. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை வழியே மேற்கே நடந்து, ஒரு குன்றேறி, வேங்கை மர நிழலில் நின்றாள். அவளும் ஊரை இழந்து மலையேறி வந்தவள்தான். கூடலூருக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் மங்கலதேவி கோயிலே அந்த இடம் என்று நம்பி, வருஷத்தில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று, தமிழ்நாட்டாரும் கேரளத்தாரும் திரளாக ஏறுகிறார்கள். அவள் வானேறியதைக் கண்டு சேரன் செங்குட்டுவனுக்குச் சொன்னவர்கள் மலைக் குறவர்கள். மதுரையிலிருந்து யார் ஓடி வந்தாலும், மலையிலே பார்த்துக்கொண்டு நிற்க ஏற்கெனவே சிலர் இருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

இன்று வருஷநாட்டு மலையிலும் சுருளிப் பக்கத்து மலைகளிலும் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்கள் இருக்கிறார்கள். ஆற்றைக் கடந்து வந்த கதையோ, எரிகிற நகரத்தை விட்டு வந்த கதையோ அவர்களிடம் இருப்பதாக நான் படித்ததில்லை. மலைதான் ஊர், நாங்கள் பழைய ஆட்கள் என்பதோடு சரி. எங்கிருந்தும் வராதவனுக்கு வந்த கதை எதற்கு?

ஆனால் கதை இல்லாததன் நஷ்டம் சிறிதல்ல. ஜமீனுக்குச் சன்னது இருந்தது. கோயிலுக்குக் கல்வெட்டு இருந்தது. கம்பளத்தாருக்குப் புங்கமரம் இருந்தது. 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தின் கீழ் காடுகள் ரிசர்வு செய்யப்பட்டபோது, காட்டுக்குள்ளேயே பிறந்தவன் ஸர்க்கார் நிலத்தில் அத்துமீறி நுழைந்தவனானான்.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இந்தக் கணக்கைச் சரிசெய்ய முற்பட்டது. 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து, அதை நம்பிப் பிழைத்து வரும் பழங்குடியினர் உரிமை கோரலாம். எதைச் சாட்சியாகக் காட்டுவது? 2008-ல் வந்த விதிகளில் அதற்கொரு ஜாபிதா இருக்கிறது. ஸர்க்கார் பத்திரங்களோடு, இடுகாடும் புனித இடங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. உரிமை கோருபவரல்லாத மூத்தோர் ஒருவர் சொல்லி, அதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சாட்சியமாகும்.

எந்தப் பாறையடியில் பாட்டனைப் புதைத்தார்கள், எந்த மரத்தில் தேன் எடுத்தார்கள், எந்த ஊற்றில் தண்ணீர் குடித்தார்கள் என்று ஒரு கிழவர் சொல்லும்போது, எதிரே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா ஏதோ பழங்கதை கேட்கிறோம் என்று கொட்டாவி விடக் கூடாது. இந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பழைய சாசனத்தை முதல்தடவையாகப் படியெடுக்கிறோம் என்று நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் அந்த வார்த்தையளவு நிலம் போய்விடும்.