நான்கு ஸ்க்ரூக்களும் ஒரு பழைய பேஸ் கிட்டாரும்

பழைய பேஸ் கிட்டார் ஒன்றை விலை பேசும்போது எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லாம் ஒரிஜினலா?" ஆமாம் என்றால் விலை ஏறும். பிக்கப் மாத்தியிருக்கு, பெயின்ட் புதுசு என்றால் இறங்கும். மரத்தில் யாராவது குழி வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். பழைய பைக் வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தால் ஒரு முரண் கண்ணில் படும். பேஸ் கிட்டார் இப்படியும் ஒலிக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய கருவிகள் பலவும் ஒரிஜினல் அல்ல. யாரோ மலிவு விலைக்கு வாங்கி, அறுத்து, பிடுங்கி, ஒட்டிய கருவிகள். அவற்றை இன்று பெயர் சொல்லாமல் ஒரு வியாபாரியிடம் நீட்டினால் உதட்டைப் பிதுக்குவார். பழைய பேஸ்களை வாங்கி, மாற்றி, விற்பதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கும் எனக்கு இந்த முரண் வெறும் தகவல் இல்லை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி. சாதாரண கிட்டாரில் ஆறு தந்தி, பேஸில் பெரும்பாலும் நாலு. தடித்த தந்திகள், நீண்ட கழுத்து, கீழ்ஸ்தாயி. இளையராஜா பாட்டுகளை நல்ல ஹெட்போனில் கேட்டவர்களுக்கு, பாடகருக்குக் கீழே தனியாக ஒரு பாட்டு நடந்துகொண்டிருப்பது தெரியும். அந்தக் கீழ்ப்பாட்டுதான் பேஸ்.

மின்சார பேஸைச் செய்து பார்த்த முதல் ஆள் லியோ ஃபெண்டர் அல்ல. 1930களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் ஒன்றைச் செய்து விற்றிருக்கிறார், அது பரவவில்லை. பரவியது ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். விலை 199.50 டாலர். லியோ ஃபெண்டர் இசைக்கலைஞர் அல்ல, அவருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது. கணக்குப் படித்தவர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இந்தக் கடைசித் தகவல் முக்கியமானது. ரிப்பேர் செய்கிறவன் எந்தப் பொருளைப் பார்த்தாலும் 'இதை எப்படிக் கழற்றுவது' என்றுதான் முதலில் யோசிப்பான்.

அதுவரை கிட்டாரின் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவார்கள், வயலின் செய்கிறவர்களைப் போல. ஃபெண்டர் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். மின்பகுதிகளையும் அப்படியே மூடித் திறக்கும்படி வைத்தார். தொழிற்சாலையில் வேகமாகச் செய்வதற்கும் ரிப்பேருக்கும் வசதி என்பதே அவர் கணக்கு. 1960-ல் ஜாஸ் பேஸ் வந்தது. இரண்டு மாடலுக்கும் கழுத்து உட்காரும் குழியின் அகலம் ஒன்றுதான், சுமார் இரண்டரை அங்குலம். ஆகவே இதன் கழுத்தை அதில் மாட்டலாம். மென்பொருள்காரர்கள் இதை இன்டர்ஃபேஸ் என்போம். அளவு மாறாமல் இருந்தால் போதும், இரண்டு பக்கமும் யார் எதைச் செய்தாலும் பொருந்தும். பின்னால் வரும் அத்தனை கதைக்கும் விதை இந்த நான்கு ஸ்க்ரூக்களில் இருக்கிறது.

1961-ல் தெற்கு லண்டனில் பில் வைமன் என்ற இளைஞர், டல்லஸ் டக்ஸீடோ என்ற மட்டமான பிரிட்டிஷ் பேஸ் ஒன்றை 8 பவுண்டுக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினார். உடலின் வடிவம் பிடிக்கவில்லை, ரம்பத்தால் அறுத்துச் சிறிதாக்கினார். ஃப்ரெட்டுகள் தேய்ந்து கடகடத்தன. வீணையில் மெட்டு என்போமே, அதுதான் ஃப்ரெட். புதிதாகப் போடலாம் என்று பழசைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகு வாசித்துப் பார்த்தால், அந்தச் சத்தமே நன்றாக இருந்தது. சரி, இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த வருஷக் கடைசியில் அவர் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். அந்த பேஸும் அவர்களுடைய ஒலிப்பதிவுகளுக்குள் போயிற்று. மெட்டில்லாத பேஸை ஒரு கம்பெனி உற்பத்தி செய்து விற்றது 1966-ல்தான். ஆம்பெக் என்ற அமெரிக்க நிறுவனம். ஐந்து வருஷம் முன்னாடியே ஒரு லண்டன் வீட்டில் அது நடந்து முடிந்துவிட்டது.

ஃபெண்டரின் ஸ்க்ரூவை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர் த ஹூ குழுவின் ஜான் என்ட்விசில். மேடையில் கருவிகளை உடைப்பதற்குப் பெயர் போன குழு அது. 1967-ல், சுற்றுப்பயணத்தின் நடுவே, உடைந்த ஐந்து பேஸ்களின் மிச்சங்களை ஹோட்டல் அறையில் பரப்பிவைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் கொண்டு இரண்டு மணி நேரத்தில் ஒரே பேஸாக்கினார். ஒன்றின் உடல், இன்னொன்றின் கழுத்து, மற்றொன்றின் பிக்கப். பெயர் ஃப்ராங்கன்ஸ்டைன். பசை போட்ட கழுத்தாக இருந்திருந்தால் அந்த ராத்திரி எதுவும் நடந்திருக்காது. என்ட்விசில் 2002-ல் இறந்தார். மறுவருஷம் சதபீஸ் ஏலத்தில் அந்த பேஸ் 62,400 பவுண்டுக்குப் போனது. உதிரிபாகங்களின் கூட்டல் என்று பார்த்தால் எந்த வியாபாரியும் தொட்டுப் பார்க்காத பொருள்.

ஜாக்கோ பஸ்டோரியஸ் கதை இன்னும் பிரபலம். 1970களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் 1962 ஜாஸ் பேஸ் ஒன்று அவர் கைக்கு வந்தது, 90 டாலருக்கு என்று சொல்வார்கள். ஃப்ரெட்டுகளைத் தானே பிடுங்கியதாக ஒரு தடவையும், வாங்கும்போதே பிடுங்கியிருந்ததாக இன்னொரு தடவையும் அவரே சொல்லியிருக்கிறார். எப்படியிருந்தாலும் பிளவுகளை நிரப்பி, விரல்பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். காரணம் எளிமையானது. கம்பி சுற்றிய ரவுண்ட்வுண்ட் தந்தி அரம் மாதிரி, மெட்டில்லாத மரத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். கண்ணாடி போல இறுகிய எபாக்ஸி அந்தத் தேய்மானத்தைத் தடுத்தது, கூடவே ஒலியையும் மாற்றியது. மனிதக் குரல் போலப் பாடும் அந்த பேஸ் 1976-ல் அவருடைய முதல் ஆல்பத்தில் வந்தபோது, இந்தக் கருவியால் இது முடியும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பின்னால் அது துண்டுதுண்டாக உடைந்து ஒட்டப்பட்டது. 1986-ல் நியூயார்க்கில் திருடுபோனது. அடுத்த வருஷம் ஜாக்கோ இறந்தார். 2006-ல் அது ஒரு கடையில் வெளிப்பட்டது. சில வருஷச் சட்டச் சண்டைக்குப் பிறகு, மெட்டாலிகாவின் ராபர்ட் ட்ருஹியோ செய்த பண உதவியால் குடும்பத்தினருக்கு வழி பிறந்தது.

இவர்கள் எல்லாம் மேதைகள், சரி. ஆனால் 1970களில் மேதை அல்லாதவர்களும் ஆயிரக்கணக்கில் இதைச் செய்தார்கள். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்குப் பிறகு தரம் குறைந்துவிட்டது என்ற பேச்சு மெல்லப் பரவியது. சரியில்லாததைத் தாங்களே சரிசெய்துகொள்ள வாசிப்பவர்கள் முனைந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் அலெம்பிக் என்ற சிறு கூட்டம், க்ரேட்ஃபுல் டெட் குழுவின் கருவிகளைப் பிரித்து உள்ளே மின்சுற்றுகளை வைத்தது. லேரி டிமார்ஸியோ, சீமோர் டங்கன் பெயர்களில் பிக்கப் கம்பெனிகள் வந்தன. கழுத்தும் உடலும் தனித்தனியாக விற்றார்கள். நியூயார்க்கில் ரோஜர் சடவ்ஸ்கி தன் பட்டறையில் மார்க்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸுக்குள் ப்ரீஆம்ப் ஒன்றைச் சேர்த்தார். 1990களின் பிற்பகுதியில் ஃபெண்டரே மில்லர் பெயரில் ஒரு பேஸை விற்கத் தொடங்கியது, உள்ளே ப்ரீஆம்போடு. பட்டறையில் செய்த மாற்றம் இருபது வருஷத்தில் கம்பெனி மாடலாகிவிட்டது.

அதே காலத்தில்தான் எதிர்த் திசையிலும் ஒரு காற்று அடித்தது. சிபிஎஸ் வாங்குவதற்கு முந்தைய கருவிகளை 'ப்ரீ-சிபிஎஸ்' என்று தனியாகத் தேடினார்கள். பழைய கிட்டாருக்கென்றே கடைகள் பிறந்தன. நாஷ்வில்லில் ஜார்ஜ் க்ரூன் 1970-ல் கடை திறந்தார். இந்தச் சந்தை தனக்கென ஒரு துப்பறியும் கலையை வளர்த்துக்கொண்டது. வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் பாகத்தில் 1376632 என்று அச்சடித்திருந்தால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 66 வருஷம், 32 வாரம். அதாவது அந்த பாகம் இன்னும் ஒரிஜினல் என்றால், பேஸ் 1966 ஆகஸ்டுக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. சால்டர் ஒருமுறை உருகியதா, இரண்டுமுறையா என்றுகூடப் பார்ப்பார்கள். மறுபெயின்ட் அடித்தால் விலை பாதி என்பது வியாபாரிகளின் வாய்க்கணக்கு. 1970களில் பெயின்டைச் சுரண்டி மரநிறத்தில் விடுவது ஒரு ஃபேஷனாக இருந்தது. அன்று அப்படிச் சுரண்டிய பையன்கள் எவ்வளவு டாலரைச் சுரண்டிப் போட்டார்கள் என்று இன்று நினைத்தால் தலை சுற்றும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் தொடாமல் வைத்திருந்தால் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு மதிப்பே வந்திருக்காது. மாற்றியவர்களால்தான் மாற்றாதது அரிதாயிற்று. அதன் உச்சம் 1995-ல் வந்தது. ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் 'ரெலிக்' என்ற வரிசையைத் தொடங்கியது. புத்தம்புது கருவியைத் தேய்த்து, கீறி, துருவேற்றி, பழசு போலாக்கி அதிக விலைக்கு விற்பது. வாசிக்காமலே வாசித்த தழும்பு!

தொடாதவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதற்கு ஒரே பெயர் போதும்: ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்டில் மோடவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்தவர். அவருடைய 1962 பிரிசிஷன் பேஸ் கடையில் வாங்கியது வாங்கியபடி. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார், அந்த அழுக்கில்தான் சத்தம் இருக்கிறது என்று நம்பினார். அந்த பேஸ், 1983-ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடுபோனது. அவர் எதையும் மாற்றவில்லை, ஏனென்றால் அவர் காதுக்கு எதுவும் குறையவில்லை. விலைக்காக மாற்றாமல் இருப்பதும் இதுவும் வேறு வேறு.

'ஒரிஜினல்' என்ற சொல் நம்ம ஊர் மரம் வரைக்கும் வருகிறது. பழைய ஃபெண்டர் விரல்பலகைகள் பிரேசில் ரோஸ்வுட். அது அரிதானதும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் மரம் அது. 2017 ஜனவரி 2 முதல், சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரு பழைய பேஸை வேறு நாட்டுக்காரருக்கு விற்கச் சான்றிதழ் தேவைப்பட்டது. 2019 கடைசியில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு மட்டும் விலக்கு இல்லை, அது 1992 முதலே மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஆக, 1960களின் ஒரிஜினல் கழுத்தோடு இருக்கும் பேஸ் எல்லை தாண்டுவது கஷ்டம். கழுத்தை மாற்றிய பேஸ் சுலபமாகப் போய்விடும்.

இத்தனையும் தெரிந்த பிறகு, ஒரு பொழுதுபோக்குக்காரன் என்ன செய்வது? நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். ஸ்க்ரூவாலும் சால்டராலும் முடிகிற மாற்றம் ஒரு வகை. பிக்கப், பிரிட்ஜ், குமிழ், கழுத்து. எங்கள் வேலையில் ரோல்பேக் என்போம், பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குப் போகலாம். அதைத் தயங்காமல் செய்யலாம், லியோ ஃபெண்டர் அதற்காகவே திறந்து வைத்திருக்கிறார். ரம்பமும் உளியும் ரூட்டரும் கேட்கிற மாற்றம் இன்னொரு வகை. அதற்குக் காதிலிருந்து ஒரு காரணம் வேண்டும். வைமனுக்கு இருந்தது, ஜாக்கோவுக்கு இருந்தது. பத்து லட்சம் பேஸ்கள் வந்துவிட்ட மாடலில் ஒன்றை வெட்டுவதும், மிஞ்சியிருக்கும் சிலவற்றில் ஒன்றை வெட்டுவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ஒழுக்கம் என்று நினைக்கிறேன். எதைக் கழற்றி எதை மாட்டினாலும் அடுத்தவரிடம் சொல்லிவிடுவது. நான்கு ஸ்க்ரூக்கள் மாற்றத்தைச் சுலபமாக்கியதுபோலவே மோசடியையும் சுலபமாக்கின. 1964 கழுத்தை வேறு உடலில் மாட்டி, முழுசும் 1964 என்று விற்க ஐந்து நிமிஷ வேலைதான். சொல்லிவிட்டு விற்றால் அது மாற்றிய பேஸ், சொல்லாமல் விற்றால் போலி. மரமும் கம்பியும் இரண்டிலும் ஒன்றுதான்.

அதனால் கழற்றிய பாகங்களை எல்லாம் ஒரு ஜிப் பையில் போட்டு, ஸ்க்ரூக்களை டேப் ஒட்டிப் பிரித்து, என்ன, எப்போது மாற்றினேன் என்று ஒரு தாளில் எழுதி, விற்கும்போது உறைக்குள் வைத்துக் கொடுப்பது என் வழக்கம். சில சமயம் நான் வாங்கும் பேஸிலும் அப்படி ஒரு தாள் இருக்கும், வேறு யாரோ ஒருவரின் கையெழுத்தில். அதன் கீழேயே என்னுடையதையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.