சேமக்காலையிற் காணாத பெயர்

சேமக்காலைகளில் நின்று கல்வெட்டு வாசிக்கும் பழக்கம் எனக்குண்டு. வீட்டார் அதை விரும்புவதில்லை. கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயத்தின் தளத்தில் கல்லறைக் கற்களே பதிந்திருந்தன. 1990இல் கோட்டையைச் சுற்றி மூண்ட போரில் அது இடிபாடாயிற்று. உடுவிலில், 1824இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி 1833இல் அங்கேயே மறைந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் நினைவு நிற்கிறது. ஆனால் நான் தேடிய பெயரைக் குடாநாட்டில் எந்தக் கல்லிலும் கண்டதில்லை. ரெஜினோல்ட் ஹீபர் என்ற ஆங்கிலக் கீர்த்தனைக் கவிஞரின் பெயர் அது.

1819இல், இங்கிலாந்தின் கிராமக் குருவாக இருந்தபோது, மிஷனரி ஊழியத்துக்காக அவர் ஒரு பாட்டு எழுதினார். அதிலே இலங்கைத் தீவு வருகிறது. காற்று மணக்கிறதாம், மனிதர் மட்டும் இழிந்தவராம்! இத்தனைக்கும் தீவை அவர் கண்ணாற் கண்டதில்லை. சிறுவயதில் அந்த அடி வரும்போது எங்கள் ஆசிரியர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்த வரிகள் தம் மனதைத் தைத்ததாகக் காந்தியடிகள் 1925இல் கல்கத்தாவில் மிஷனரிகளிடமே சொன்னார்; இரண்டு வருடம் கழித்து யாழ்ப்பாணமும் வந்தார்.

ஹீபர் 1823இல் கல்கத்தா அத்தியட்சரானார். இலங்கையும் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதே. 1825இல் காலி, கொழும்பு, கண்டி பார்த்துத் திரும்பினார். வடக்கே வரவில்லை. ஆனால் அதற்கு முந்திய வருடமே யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் அவரிடம் போயிருந்தார். தஞ்சைச் சுவாட்சு ஐயரின் மாணவரான கிறிஸ்தியான் தாவீது, நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கு ஊழியஞ் செய்தவர். ஐரோப்பியருக்கே உரியதென்றிருந்த ஆங்கிலத் திருச்சபைக் குருத்துவத்தை 1824இல் ஹீபர் அவருக்குக் கொடுத்தார். இழிந்தவர் என்று பாடிய அதே கை, ஒரு தமிழனின் தலைமேல் வைக்கப்பட்டது. பாட்டை அவர் திருத்தினாரா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

1826 ஏப்ரல் 3, திருச்சிராப்பள்ளி. விடியற்காலையில் கோட்டைத் தேவாலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்தி, தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். கோடை வெயில்; பங்களாவுக்குத் திரும்பிக் குளிக்கும் தொட்டியில் இறங்கினார். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 42. கல்லறை, பரி. யோவான் ஆலயத்தில் பலிபீடத்தின் அருகே.

லண்டனிலும் கல்கத்தாவிலும் அவருக்குச் சிலைகள் உண்டு. சென்னைக் கதீற்றலில் உள்ள சலவைக்கல் வேலைப்பாடு, இந்தியர் இருவருக்கு அவர் திடப்படுத்தல் கொடுப்பதாகச் செதுக்கப்பட்டது.

திருச்சியில் அகதியாகத் தங்கியிருந்த காலத்தில் ஒரு நாள் அந்த ஆலயத்துக்குப் போனேன். கோயிற்பிள்ளை, “எந்த ஊர் ஐயா?” என்றார். யாழ்ப்பாணம் என்றேன். “அவரைப் பார்க்க வந்தீர்களோ?” என்று கேட்டு, கல்லின் மேலிருந்த பாயைச் சுருட்டி எடுத்தார்.